முழங்காலுக்கு ‘ஸ்டெம் செல்’ ஊசி: யாழ்ப்பாணத்தில் உள்ளவர்கள் கவனம்

யாழ் நகருக்குள் ஒரு வாடகை வீட்டு மாடியில், கொழும்பில் இருந்து கிழமைக்கு ஒருநாள் வருகிற டொக்டரை வைத்து ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய ஆரம்பநிலைக் கலங்களைக் கொண்டு செய்யும் வைத்தியம்) என்று ஒன்று நடத்துகிறார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. விளம்பரம் மட்டும் முகநூலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் முழங்கால் நோவோடு இருக்கும் வயதானவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

போய் மாட்டுப்பட்டவர் என் பெரியம்மா. வயது 68, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பெரியாஸ்பத்திரியில் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டு முறைக்குக் காத்திருந்தார். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனபோது அங்கே இருந்த பிள்ளை சொன்னதாம்: “அம்மா, வெட்டுக்கொத்து ஒண்டும் இல்லை. உங்கட உடம்பே புதுசாச் சவ்வு வளர்த்துத் தரும். ஏன் இரும்பை வைப்பான்?” கத்திக்குப் பயந்த மனிசிக்கு வேறென்ன வேணும்? ரொரன்ரோவில் இருக்கிற அண்ணா 8 லட்சம் ரூபாய் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் இருந்த முறையையும் பெரியம்மா விட்டுக்கொடுத்துவிட்டார். அப்படிச் செய்யச் சொன்னதும் அவர்கள்தான்.

இவர்கள் வெறும் பொய்யை மட்டும் விற்கவில்லை. உண்மையை முன்னால் வைத்து அதன் முதுகுக்குப் பின்னால் பொய்யை விற்கிறார்கள். காத்திருக்கும் அறைச் சுவரில் ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனாகாவின் படம், பக்கத்தில் நோபல் பதக்கம். சாதாரணத் தோல் கலத்தை நான்கு மரபணுக்களைக் கொண்டு ஆரம்பநிலைக் கலமாகத் திருப்பலாம் என்று அவர் 2006இல் எலியிலும் 2007இல் மனிதக் கலத்திலும் காட்டினார். 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாம் உண்மை. பரம்பரைத் தோல் நோயால் உடலின் 80 வீதம் அளவுக்குத் தோலை இழந்த ஒரு சிறுவனுக்கு, 2015இல் ஜேர்மனியில் அவனுடைய கலங்களையே மரபணு திருத்தி வளர்த்துப் புதுத் தோல் போட்டார்கள். அதுவும் உண்மை. இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மச்சை மாற்றுவது பல பத்தாண்டுகளாக நடக்கிற வைத்தியம். இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படத்துக்கும் பெரியம்மாவின் முழங்காலுக்குள் போனதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

போனது என்ன? கூடப் போன மச்சாள் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தது பெரிய உதவி. கையில் இருந்து இரத்தம் எடுத்தார்கள். மூலையில், சோற்றுப்பானை அளவில் இருந்த சுழற்றும் இயந்திரத்துக்குள் குழாய்களை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்த குழாயில் அடியில் சிவப்பு, மேலே தேங்காயெண்ணெய் நிறத்தில் தெளிந்த நீர். அந்த மஞ்சள் நீரை ஊசியில் இழுத்து இரண்டு முழங்காலிலும் ஏற்றினார்கள். முழுக்க ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்தியரிடம் இந்தப் படத்தைக் காட்டினோம். பார்த்தவுடனேயே “இது பிஆர்பி” என்றார். இரத்தம் உறைய உதவுகிற குருதிச் சிறுதட்டுகளை (பிளேட்லெட்) செறிவாக்கி ஏற்றுவதுதான் அது. சிறுதட்டுக்குக் கலக்கருவே இல்லை. அது பெருகாது, சவ்வாகவும் மாறாது. பிஆர்பியைப் பிஆர்பி என்றே சொல்லி, இதைவிட மிகக் குறைந்த காசுக்குப் போடுகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு நோவு கொஞ்சம் குறையும், சிலருக்குக் குறையாது. முழங்காலுக்கென்று அவரவர் உடம்பில் இருந்தே உண்மையாக ஸ்டெம் செல் எடுப்பதென்றால் வழக்கமாக இடுப்பெலும்புக்குள் தடித்த ஊசியை விட்டு மச்சை எடுக்க வேண்டும், அல்லது வயிற்றுக் கொழுப்பை உறிஞ்ச வேண்டும். பெரியம்மாவுக்கு இரண்டும் நடக்கவில்லை.

சரி, உண்மையான கலங்களையே போட்டிருந்தால்? 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முழங்கால் தேய்ந்த 400க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி என்ற மூன்று வகைக் கலங்களில் ஒன்றையோ, வீக்கம் குறைக்கிற ஸ்டீரொயிட் ஊசியையோ போட்டுப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் அந்தக் கலங்கள் எதுவும் சாதாரண ஸ்டீரொயிட் ஊசியை விட மேலாக இருக்கவில்லை.

ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் வலது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கி, காய்ச்சல் வந்துவிட்டது. அந்த மாடிக்குப் போன் எடுத்துக் கேட்டால் “கலம் வேலை செய்யத் தொடங்கினால் அப்படித்தான், பனடோல் குடுங்கோ” என்றார்கள். நல்லகாலம், மச்சாள் அதைக் கேட்கவில்லை. வார்ட்டில் சேர்த்து, மூட்டுக்குள் இருந்த நீரை எடுத்துப் பார்த்ததில் கிருமி. முழங்காலைக் கழுவி, நாட்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. ஆனால் கிருமி முழுதாகப் போனது உறுதியாகும் வரைக்கும் மூட்டு மாற்றைத் தொட மாட்டோம் என்கிறார்கள். விட்டுக்கொடுத்த முறையும் போச்சு.

காசைத் திருப்பிக் கேட்கப் போனேன். கையெழுத்து வாங்கிய படிவத்தை மேசையில் போட்டார்கள். முழுக்க ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில், பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி இருந்தது. பெரியம்மா தமிழில்தான் கையெழுத்தே போட்டிருக்கிறார்! பற்றுச்சீட்டில் ‘ஆலோசனையும் ஊசியும்’ என்று மட்டும் இருக்கிறது, ஸ்டெம் செல் என்ற சொல்லே இல்லை. போதாக்குறைக்கு, இரண்டாம் ஊசியை அரைவிலைக்குப் போட்டுத் தரலாமாம்.

மேசையில் கிடந்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பதறியது. சலரோகம், சிறுநீரகம், கண், பிள்ளைகளின் ஓட்டிசம் எல்லாவற்றுக்கும் அதே ஊசி. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு கிளினிக்கில் இப்படிக் கொழுப்புக் கலத்தைக் கண்ணுக்குள் ஏற்றியதில் மூன்று பெண்கள் பார்வை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. இங்கே ‘ஸ்டெம் செல்’ ஊசியைச் சிறு பிள்ளைகளுக்கும் விற்கப் பார்க்கிறார்கள்.

“அப்ப சென்னைக்குப் போய்ச் செய்வம்” என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான். ஆய்வில் சேர்க்கிறவர்கள் உங்களிடம் லட்சக்கணக்கில் காசு கேட்டால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

டொக்டரின் பெயரை இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிய வேண்டும்; பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டபோது “புதுப்பிக்கக் குடுத்திருக்கு” என்றார்கள். எங்கள் முறைப்பாடு தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்குப் போயிருக்கிறது.

அதே மாடியில் ஊசி போட்ட வேறு ஆட்கள் இருந்தால் பற்றுச்சீட்டையும் படிவத்தையும் எறிந்துவிடாதீர்கள். எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். எங்களோடு இன்னும் நாலு குடும்பம் சேர்ந்து கையெழுத்து வைத்தால் முறைப்பாடு வேகமாக நகரும்.