கஸ்பேயா, கேப் பிரெற்றனா? இலையுதிர்காலத்தில் இரண்டு கிழமை

சென்ற ஒக்டோபரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து காரில் கிளம்பினோம். கிளம்பும் முன் ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சுத்தான்: கியூபெக்கின் கஸ்பே தீபகற்பமா, நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெற்றன் தீவா? இரண்டிலும் மலை நேரே கடலில் இறங்குகிறது, இரண்டிலும் காடு நிறம் மாறுகிறது. கடைசியில் கேப் பிரெற்றன் போனோம். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

தூரத்தில் கஸ்பேக்குத்தான் வெற்றி. பெர்சே ஊருக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர். கேப் பிரெற்றனின் படெக் 2,000ஐத் தொடும். போக மூன்று நாள், வர மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் கையில் எட்டு நாள் மிஞ்சும். அது போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது வானிலை. ஒக்டோபரில் இந்தக் கரைகளில் மழையும் மூடுபனியும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கஸ்பேயை 132ஆம் நெடுஞ்சாலை வழியே சுற்றினால் 800 கிலோமீற்றருக்கு மேல். அதனால் அநேகமாக ஒவ்வொரு இரவும் வேறு ஊர், முன்கூட்டியே பிடித்த வேறு அறை. பெர்சேயில் நிற்கும் நாளில் பனி மூடினால், அந்தப் பெரிய துளைப்பாறையைப் பார்க்காமலே அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

கேப் பிரெற்றனின் வடபகுதியைச் சுற்றிவரும் சாலையான கேபட் டிரெயில் 298 கிலோமீற்றர் வட்டம்தான். கிழக்கே இங்கனிஷில் நாலு இரவு, மேற்கே ஷெற்றிகாம்பில் நாலு இரவு என்று சமையலறையுள்ள வீடுகளை எடுத்தோம். நடுவே உயர்ந்த மேட்டுநிலம் கிடப்பதால் இரு கரைக்கும் வானிலை பல நாள் ஒத்துப்போவதில்லை. இங்கனிஷில் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, மலையேறி மறுபக்கம் இறங்கினால் ஷெற்றிகாம்பில் நல்ல வெயில்! இரண்டு மணி நேர ஓட்டம்கூட இல்லை. ஸ்கைலைன் நடைபாதைக்கு இரண்டு நாள் பொறுத்திருந்து, வானம் தெளிந்த மூன்றாம் நாள் போனோம். ஷெற்றிகாம்பில் 'சுவெற்' என்று சொல்லும் தென்கிழக்குக் காற்று மலையிலிருந்து பாய்ந்து இறங்கும். அது அடித்த அன்று படெக்கில் கிரகாம் பெல் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். ஒரு நாளும் வீணாகவில்லை. அம்மாவுக்கும் தினமும் பெட்டி கட்டும் வேலை இல்லை, இரவில் சூடான ரசம் கிடைத்தது.

அந்தச் சமையலறை பிறகு இன்னும் உதவியது. கனடாவின் நன்றி நாள் ஒக்டோபரின் இரண்டாம் திங்கள். அது தாண்டியதும் சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிவிடுகின்றன. அதே நாட்களில் செல்ரிக் கலர்ஸ் இசைவிழாவும் நடப்பதால் அறைகளுக்குத் தட்டுப்பாடு; கோடையிலேயே பிடித்துவிடுங்கள். பெற்றோலை இங்கனிஷிலோ ஷெற்றிகாம்பிலோ நிரப்பாமல் மலையேற வேண்டாம். அந்தி சாய்ந்தபின் மூஸ் மான்கள் சாலைக்கு வரும், வண்டியை அதற்குமுன் நிறுத்திவிடுவது நல்லது.

கஸ்பேயை நான் பார்த்தது ஒரு ஜூலையில், நாலே நாள். இலையுதிர்காலத்தில் அங்கே தங்கியதில்லை, ஆகவே என் பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கஸ்பேயின் வடகரையில் செயின்ற் ஆன் தே மோன் ஊரைத் தாண்டியதும் பாறைச் சுவருக்கும் அலைக்கும் நடுவே ஓடும் அந்தச் சாலைக்கு ஈடான ஒன்று கேப் பிரெற்றனில் இல்லை. பெர்சேக்கு எதிரே உள்ள போனவென்ச்சர் தீவில் கூடும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கன்னெற் கடற்பறவைகளும் அப்படித்தான். உங்கள் விடுமுறை செப்டெம்பரில் என்றால் கஸ்பேக்குப் போகலாம்: பறவைகள் இன்னும் அங்கேதான் இருக்கும், ஷிக்-ஷாக் மலைகளிலும் நிறம் முன்னதாகவே ஏறிவிடும். கேப் பிரெற்றனில் மேப்பிள் சிவக்க ஒக்டோபர் இரண்டாம் கிழமை ஆகும்.

அப்புறம், கேப் பிரெற்றன் போனால் கேபட் டிரெயில் வட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். கடல் வலப்பக்கம் வரும். முன் இருக்கையில் இருந்த அம்மாவுக்கும் கடலுக்கும் இடையில் எதிர்வரும் வண்டிகூட மறைக்கவில்லை. மலைச்சரிவின் விளிம்பு பயமென்றால் மட்டும் வலஞ்சுழியாகப் போகலாம்.