கல்யாணத்துக்கு மேளமா, ஸ்பீக்கரா?

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாணங்களில் ஸ்பீக்கரில் நாகசுரம் போட்டால் செலவு குறைவு, சுருதியும் பிசகாது. சரி, அவ்வளவுதான். தாலி கட்டும் திருப்பூட்டு பத்து நிமிடம் தள்ளிப்போனால் அதற்குத் தெரியாது.

நேரில் வாசிப்பவர் அப்படியில்லை. வீட்டு உள்முற்றமான வளவில் தூணோரம் உட்கார்ந்து, நாகசுரத்தில் வைத்து ஊதும் சீவாளியை எச்சிலில் நனைத்தபடி மணமக்களையே பார்த்திருப்பார். கை காட்டியதும் ராகத்தைப் பாதியில் விட்டுக் கெட்டிமேளம். தவில் அடி நெஞ்சுக்கூட்டில் விழும். அதுவரை பேசிக்கொண்டிருந்த ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைப்பார். எந்த ஸ்பீக்கருக்கும் ஆச்சி அழுது நான் பார்த்ததில்லை.

இசைக்குப் பணம் போடுவது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் காரைக்குடிக்குப் பக்கத்துக் கானாடுகாத்தான்காரர்தானே. மேடைப் பூ அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மேளக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள்.