விரல் நகர்த்தி எழுதும் ஜப்பானியப் பாட்டு

பாட்டின் தாளத்துக்கு ஏற்பத் திரையைத் தட்டும் விளையாட்டுகள் கைபேசியில் ஏராளம். ஆனால், ஜப்பானிய மொழி படித்துவரும் என் அக்காள் மகள் சென்ற மாதம் காரைக்குடிக்கு வந்தபோது என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டு, பாடகி ஓர் எழுத்தை உச்சரிக்கும் அதே நொடியில் நாமும் அந்த எழுத்தைத் திரையில் எழுதிவிட வேண்டும் என்கிறது. செகா நிறுவனம் 2012இல் ஐபோனுக்கு வெளியிட்ட 'மிக்கு ஃபிளிக்' இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதில் பாடுபவர் ஹட்சுனே மிக்கு என்னும் கணினிக்குரல் பாடகி.

ஜப்பானியர் கைபேசியில் எழுதும் முறை, அரிச்சுவடி படித்த நமக்கு அந்நியமன்று. அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ எனப் பத்து விசைகள். 'க' விசையைத் தட்டினால் க. விரலை இடப்பக்கம் நகர்த்தினால் கி, மேலே கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. மெய் விசையில் இருக்கிறது, உயிர் திசையில் இருக்கிறது. அந்த எழுத்துவரிசையே பௌத்தத் துறவிகளின் சமஸ்கிருதப் படிப்பு வழியாக ஜப்பானில் அமைந்தது என்பதால், உயிர்மெய் அட்டவணையை மனப்பாடம் செய்த கை இரண்டு மாலைகளில் பழகிவிடுகிறது.

பழகாதது காதுதான். நமக்கு மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை; ஜப்பானியப் பாட்டில் 'ன்' என்பதற்கும் முழுதாக ஒரு தட்டு உண்டு. அவர்கள் தம் நாட்டைச் சொல்லும் 'நிப்பொன்' என்னும் சொல் நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. நானோ இரண்டே அசையாகக் கேட்டு விரைந்து முடித்துவிட்டு, 'ன்' வரும்போது விரல் தயங்கி நிற்பேன். அதுவும் அந்த எழுத்து 'வ' விசையின் மேற்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. எழுவாயை அடுத்து வரும் இடைச்சொல் இன்னொரு கண்ணி: காதில் 'வ' என்று விழும், எழுதுவதோ 'ஹ'. முதல் வாரம் முழுவதும் நான் புள்ளிகளை இழந்தது பெரும்பாலும் இந்த ஓர் எழுத்தில்தான்.

குறைகளும் உண்டு. வரிகளின் பொருளை இந்த விளையாட்டு எங்கும் தருவதில்லை. ஒரு பாட்டைப் பிழையின்றி எழுதி முடித்த பிறகும் அது காதலா பிரிவா என்று அக்காள் மகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பணம் கட்டி வாங்கிய இரண்டு பாடல்கள் கைபேசியை மாற்றியபோது காணாமற்போயின. முறையிட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை. கம்பியில்லா இயர்போனில் ஒலி சற்றுப் பிந்தி வருவதால், அமைப்புகளில் அந்தத் தாமதத்தைச் சரிசெய்யாமல் ஆடினால் ஒரு தட்டும் தாளத்தில் விழாது. கம்பி உள்ளதே மேல்.

எங்கள் வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு உள்கட்டில் சிக்னல் எட்டாது என்பதால் பாடல்களைத் திண்ணையில் உட்கார்ந்துதான் இறக்கிக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் விரல் வியர்த்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, கொ எழுதப் போய்க் க என்று பதிவாகிறது. வேட்டி நுனியில் துடைத்துத் துடைத்து ஆட வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "யாருக்குப்பா இவ்வளவு அவசரமாக் கடுதாசி எழுதுறே?" என்று கேட்டார்.