கிட்டாரின் கம்பி உயரம்: கை உணர்வா, கணக்கா?

என் அக்குஸ்டிக் கிட்டாரின் தடித்த ஈ கம்பி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோட்டுக்கு) மேல் 3.2 மி.மீ. உயரத்தில் நின்றது. ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் எஃப் பார் கார்டு பிடித்தால் ஐந்து நிமிடத்தில் விரல் கடுத்துவிடும். 2.4 வரைக்கும் இறக்க நினைத்தேன். வழி இரண்டு. சாடிலை, அதாவது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டை, உப்புத்தாளில் கொஞ்சம் தேய்த்து, கம்பி கட்டி, வாசித்துப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி தேய்ப்பது ஒன்று. எல்லாவற்றையும் அளந்து, கணக்குப் போட்டுவிட்டு, ஒரே தடவை தேய்ப்பது இன்னொன்று. பழைய கிட்டாருக்கு முதல் வழி, இந்தக் கிட்டாருக்கு இரண்டாவது. இனி எனக்குக் கணக்குதான்.

கை உணர்வு வழிக்குக் கருவி எதுவும் வேண்டாம். எந்த உயரம் விரலுக்குச் சுகம் என்பதைக் கையைத் தவிர வேறெதுவும் சொல்லாது என்பதும் உண்மை. கணக்குக்கு வேண்டியவை ஒரு வெர்னியர், கம்பிகளை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான ஒரு கேப்போ, பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் இடைவெளி சரிபார்க்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ். அவ்வளவுதான்.

நட்டிலிருந்து (தலைப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டிலிருந்து) சாடில் வரை கம்பி நேர்கோடு. பன்னிரண்டாவது ஃப்ரெட் அதன் சரிபாதியில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த தேல்ஸ் தேற்றம் இங்கே அப்படியே பொருந்தும்: சாடிலை 1 மி.மீ. இறக்கினால் பன்னிரண்டாவதில் அரை மி.மீ.தான் இறங்கும். அப்படியானால் 0.8 இறக்க 1.6 தேய்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. ஏனென்றால் நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, நேராக இல்லை.

கம்பியின் இழுப்பில் நெக் லேசாக வில் போல வளைந்திருக்கும். அந்தக் குழிவுதான் ரிலீஃப். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, பதினான்காவதில் கம்பியை அழுத்தினால் கம்பி நாணாகிவிடும். நடுவில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கலாம். ஏழாவது ஃப்ரெட்டில் அளக்கச் சொல்பவர்கள் அதிகம். நட்டிலிருந்து சாடில் வரை 648 மி.மீ. நீளம் (ஸ்கேல்) உள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36 மி.மீ., பதினான்காவது 359. நடுப்புள்ளி 198. ஆறாவது ஃப்ரெட் 190-லும் ஏழாவது 216-லும் இருப்பதால் நான் ஆறாவதில் அளக்கிறேன். எனக்கு வந்தது 0.45 மி.மீ. நாணின் வர்க்கத்தை ரிலீஃபின் எட்டு மடங்கால் வகுத்தால் வில்லின் ஆரம் கிடைக்கும்: சுமார் 29 மீட்டர். இவ்வளவு பெரிய வட்டத்தின் துண்டைக் கண்ணால் பார்த்து மதிப்பிடவே முடியாது.

ரிலீஃபைக் குறைத்தால் கம்பி உயரமும் கூடவே குறையும். உடல் பக்கம் அசையாமல் நெக் சீராக வளைகிறது என்று வைத்துக்கொண்டால், நட் பக்கம் ரிலீஃபைப் போல் குறைந்தபட்சம் நான்கு மடங்கு மேலே எழுந்திருக்கும். அதில் பாதி, அதாவது இரண்டு மடங்கு, பன்னிரண்டாவதில் தெரியும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் ட்யூன் செய்து அளந்து, ரிலீஃபை 0.2-க்குக் கொண்டுவந்தேன். கணக்குப்படி உயரம் 0.5-க்குக் குறையாமல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 0.4. மரம் கச்சிதமான வட்டமாக வளைவதில்லை. பரவாயில்லை, இப்போது உயரம் 2.8. மீதி 0.4-க்குச் சாடிலில் 0.8 தேய்த்தால் போதும். நேரே தேய்க்கப் போயிருந்தால் 1.6, அதாவது சரியாக இரட்டிப்பு.

பழைய கிட்டாரில் அதைத்தான் செய்தேன். விரலுக்குச் சுகமாகும் வரை சாடிலைத் தேய்த்தேன். சில மாதம் கழித்து நெக் வளைந்திருப்பதைக் கவனித்து ட்ரஸ் ராடை முறுக்கியதும், கம்பிகள் ஃப்ரெட்டில் உரசி 'ஜிர்' என்று இரைய ஆரம்பித்தன. சாடிலுக்கு அடியில் அட்டைத் துண்டு வைத்துப் பார்த்தேன், ஒலி மந்தமாகிவிட்டது. கடைசியில் புது எலும்புச் சாடில் வாங்கி முதலிலிருந்து தேய்த்தேன். ட்ரஸ் ராடை எந்தப் பக்கமும் திருப்பலாம். தேய்த்த எலும்பு திரும்ப வராது. அதனால் ரிலீஃப் முதலில், சாடில் கடைசியில். கை உணர்வில் போகும்போது இந்த வரிசைதான் தப்பிவிடுகிறது, ஏனென்றால் நெக் வளைந்திருப்பது, சாடில் உயரமாக இருப்பது என்ற இரண்டு கோளாறும் விரலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒவ்வொரு கம்பிக்கும் தனிச் சாடில் திருகு இருந்தால் இவ்வளவு கணக்குத் தேவைப்படாது, ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம். சுருதியை ஆட்டுவதற்காக ஸ்பிரிங்கில் மிதக்கும் ட்ரெமோலோ உள்ளவற்றில் நான் கை வைத்ததில்லை, அதனால் அதற்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அளந்த எண்களைத் தேதியுடன் ஒரு சீட்டில் எழுதி கிட்டார் பைக்குள் போட்டிருக்கிறேன். சென்னையில் ஐப்பசி மழை பிடித்ததும் மேல்பலகை ஈரத்தில் உப்பி, உயரம் 2.6 ஆனது. ரிலீஃப் 0.2-லேயே நின்றது. சாடிலைத் தொடவில்லை. மாசியில் அளந்தபோது மறுபடி 2.4.