.223 ரெமிங்டன் சேம்பரா, 5.56 நேட்டோ சேம்பரா?

"இரண்டு தோட்டாவும் ஒன்றுதானே, எந்தச் சேம்பராக இருந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்காக இது. .223 ரெமிங்டனும் 5.56 நேட்டோவும் ரைபிள் தோட்டா வகைகள்; சேம்பர் என்பது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை. வெளி அளவு ஏறக்குறைய ஒன்றுதான். குண்டின் விட்டமும் இரண்டிலும் 0.224 அங்குலம், அதாவது 5.69 மி.மீ. வித்தியாசம் சேம்பரின் வாயில் இருக்கிறது: குண்டு தோட்டாவை விட்டுக் கிளம்பி, குழலின் உட்புறம் சுழன்று ஓடும் சுரிவரிகளைக் கவ்வும் வரையுள்ள சிறு இடைவெளியில்.

இடைவெளி: .223இல் குட்டை. 5.56இல் நீளம் அதிகம், விட்டமும் சற்றே தாராளம்.

துல்லியம்: .223இல் குண்டு சாயாமல் நேராக வரிக்குள் நுழையும். 5.56இல் கொஞ்சம் அலைய இடமுண்டு.

பாதுகாப்பு: இங்கேதான் நிதானம் வேண்டும். 5.56 சேம்பரில் இரண்டு தோட்டாவையும் போடலாம். .223 சேம்பரிலும் 5.56 தோட்டா தடையில்லாமல் உள்ளே போய்விடும், சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் குண்டு வரிகளுக்கு மிக அருகில் நிற்பதால் அழுத்தம் எகிறும். சுட்ட தோட்டாவின் அடியில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கழன்று போயிருப்பது அதற்கு ஓர் அடையாளம். உள்ளே போகிறதே என்று நம்பவே கூடாது. குழலின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

இலக்குச் சுடுதல் மட்டும் என்றால் .223. இரண்டு வகைத் தோட்டாவும் கைக்கு வரும் என்றால் 5.56. துல்லியமும் விட மனமில்லை என்பவர்களுக்கு .223 வைல்ட் என்ற நடுவழி அளவு உண்டு. நான் அதைத்தான் சொல்வேன்.