பூதப்பாண்டிக்கு அப்பால்: பூசணி பறிக்கப் போய் சப்போட்டா வாங்கி வந்தது

பூசணிக்காய் பறிக்க ஆளுக்கு 30 ரூபாய் டிக்கெட் என்றதும் என் அத்தை காரை விட்டு இறங்க மாட்டேன் என்றார். "நம்ம உரக்குழியில தானா மொளச்சுக் காய்ச்சுக் கெடக்குததுக்கு இங்க துட்டு குடுக்கணுமா?" கேள்வி நியாயமானதுதான். காய் வாங்கினால் அந்த 30 ரூபாயை விலையில் கழித்துக்கொள்வோம் என்று வாசலில் இருந்த அக்கா சொன்ன பிறகுதான் இறங்கினார்.

இடம் குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி தாண்டி, தடிக்காரன்கோணம் போகிற சாலையில் இருக்கிறது. 'நாற்றுப்பண்ணை' என்று பச்சைப் பெயின்டில் எழுதிய தகரப் பலகை தவிர வேறு பெயர் கிடையாது. முன்பக்கம் நிழல்வலைக்குக் கீழே கன்றுகள். பின்னால் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகப் பூசணிக் கொடி. அதற்கும் பின்னால் தாடகை மலை. கார் நிறுத்தத் தனியாக இடம் இல்லை, கால்வாய்க் கரையில் ஒதுக்க வேண்டும். வண்டியைத் திரும்ப எடுப்பதற்குள் என் வீட்டுக்காரருக்குச் சட்டை நனைந்துவிட்டது. முடிந்தால் நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ்ஸில் வாருங்கள்.

நாங்கள் போனது ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை. ரோட்டில் உடைத்துப் போட்ட தடியங்காய் (வெள்ளைப் பூசணி) துண்டுகள் நாகர்கோவில் தாண்டும் வரை கிடந்தன. வருஷா வருஷம் இதில் வழுக்கி விழுகிற ஸ்கூட்டர்களை யார்தான் கணக்கெடுக்கிறார்களோ. அது கிடக்கட்டும். பூசணி பார்க்க இந்தச் சமயம்தான் சரி. ஆனி, ஆடியில் விதை போட்டால் மூன்று நாலு மாதத்தில், அதாவது புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும், காய் முற்றும். வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் காய் தரையில் கிடந்தே அழுகும். அதனால்தான் இந்தத் தோட்டத்தைச் சில வாரங்களுக்கு மட்டும் ஆட்களுக்குத் திறந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் இருவரும் யூடியூபில் வெளிநாட்டுப் பூசணித் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வைக்கோல் வண்டி, சோளக்காட்டு வழி என்று ஏதேதோ எதிர்பார்த்து வந்திருந்தார்கள். அதெல்லாம் இங்கே இல்லை. போட்டோவுக்கென்று ஒரு பழைய மாட்டு வண்டியில் பத்துப் பதினைந்து காய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதன் முன்னால் வரிசை நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

காலை எட்டரைக்குள் போனது நல்லதாகப் போயிற்று. பூசணிப் பூ விடியும்போது விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அங்கே வேலை பார்க்கிற பெண் ஒருவர் என் மகளைக் கூப்பிட்டு, நீளக் காம்போடு நிமிர்ந்து நிற்கிற ஆண் பூவையும், அடியில் கோலிக்குண்டு மாதிரிப் பிஞ்சோடு இருக்கிற பெண் பூவையும் காட்டினார். ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவச் சொன்னார். "தேனீ வராத அன்னைக்கு நாங்கதான் தேனீ" என்றார். பள்ளிக்கூடத்தில் மகரந்தச் சேர்க்கைக்கு அவள் வரைந்த படத்துக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண்தான். இங்கே ஒரு நிமிஷத்தில் விஷயம் மண்டையில் ஏறியது.

ஒவ்வொரு காய்க்கும் அடியில் தேங்காய்த் தொண்டோ காய்ந்த ஓலையோ வைத்திருக்கிறார்கள். ஈர மண் படாமல் இருந்தால் அடிப்பக்கம் அழுகாது. அங்கங்கே கம்பில் பிளாஸ்டிக் பாட்டில் தொங்குகிறது. பழ ஈப் பொறி. உள்ளே கியூலூர் என்கிற மருந்து வாசத்துக்கு ஆண் ஈக்கள் வந்து மாட்டும். வெள்ளரி, பாகல், பூசணிக் குடும்பத்துக்கு வருகிற ஈக்களுக்கு இதுதான் வைக்க வேண்டும், மாந்தோப்புக்கு வைக்கிற மருந்து வேறு என்று கேட்காமலே சொன்னார்கள். கொடியும் இலையும் சுணை. அரைக்கால் சட்டையோடு வந்த என் மகன் அரை மணி நேரம் சொறிந்துகொண்டே திரிந்தான். முழுக்கால் சட்டை போட்டு அழைத்து வாருங்கள்.

மூன்று ரகம் இருந்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-1, ஏழெட்டுக் கிலோ வருகிற பெரிய காய். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன், இரண்டு மூன்று கிலோ, உள்ளே நல்ல மஞ்சள். அதே நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி, ஒரு கிலோ அளவில் தட்டையான உருண்டை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளை வரி. பிள்ளைகள் யூடியூபில் பார்த்ததற்குப் பக்கத்தில் வருவது இந்தச் சூர்யமுகிதான் என்பதால் எல்லாச் சின்னப் பிள்ளைகளும் அதை நோக்கியே ஓடுகிறார்கள், பத்து மணிக்கெல்லாம் நல்ல காய் தீர்ந்துவிடுகிறது. மூன்றும் கிலோ 25 ரூபாய். வடசேரிச் சந்தையைவிட மலிவு என்று சொல்ல மாட்டேன்.

என் மகன் ஒன்றைப் பிடித்து முறுக்கப் போனபோதுதான் தோட்டக்காரப் பெரியவர் வந்தார். "அத விடு மக்ளே, காம்பு இன்னும் பச்ச." முற்றிய காயின் காம்பு காய்ந்து தக்கை மாதிரி இருக்கும், தோலில் நகம் இறங்காது என்று சொல்லி, அவனையே நாலைந்து காயில் நகத்தால் குத்திப் பார்க்க வைத்தார். கையால் முறுக்கக் கூடாது, நாலு விரல் நீளத்துக்குக் காம்பு விட்டுக் கத்தியால் வெட்ட வேண்டும். காம்போடு இருந்தால் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் கெடாது. அத்தைக்கு இதெல்லாம் தெரியும்தான், ஆனாலும் பெரியவர் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கொஞ்சம் ஆண் பூவும் இளந்தளிரும் துவரனுக்கு (தேங்காய் போட்ட பொரியல்) கேட்டு வாங்கினார். அதற்குக் காசு வாங்கவில்லை. டிக்கெட் பகை அத்தோடு தீர்ந்தது.

ஆனால் இந்த இடத்துக்கு நான் மறுபடி போவேன் என்றால் அது முன்பக்கத்து நாற்றுப்பண்ணைக்காகத்தான்.

ரம்புட்டான் வாங்குவது என்று நான் முடிவு செய்தே போயிருந்தேன். குலசேகரம் பக்கம் உறவுக்காரர் வீட்டில் சிவக்கச் சிவக்கக் காய்த்துத் தொங்குவதைப் பார்த்த நாளிலிருந்து ஆசை. பெரியவர் விலை சொல்லவில்லை. "வீடு எங்க?" என்றார். ராஜாக்கமங்கலம் என்றேன். "கடலுக்கு எவ்வளவு தூரம்? மண்ணு மணலா?" இரண்டுக்கும் பதில் கேட்டதும் கன்றை என் கையிலிருந்து வாங்கி அதன் இடத்தில் வைத்துவிட்டார். "உப்புக் காத்துல இது நிக்காது அம்மா. மலையடிவார ஈரம் வேணும் இதுக்கு. துட்டு வாங்கிட்டு நாளைக்கு ஒங்க வாயில விழ என்னால ஆவாது."

அதோடு விடாமல், வேறு எங்கே வாங்கினாலும் விதைக்கன்று வாங்காதீர்கள் என்றும் சொன்னார். ரம்புட்டானில் விதையிலிருந்து வருவது ஆண் மரமாகவும் போகலாம். வருஷக்கணக்கில் வளர்த்துவிட்டுப் பூ மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜாதிக்காயிலும் இதே கதை. மொட்டு ஒட்டிய கன்றா என்று தண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஒட்டுக்குக் கீழே கிளம்புகிற துளிரை உடனே கிள்ளிவிட வேண்டும்.

எனக்குக் கொடுத்தது சப்போட்டா ஒட்டுக்கன்று, 180 ரூபாய். உப்பையும் மணலையும் ஓரளவு தாங்கும். கூடவே தொட்டியில் வைக்கிற நல்லமிளகு ஒன்று, 150 ரூபாய். மேலே ஏறுகிற கொடியை வெட்டி வைக்காமல், காய்க்கிற பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைப்பதால் இது படராமல் புதராகவே நின்று காய்க்கும். மொட்டை மாடிக்கும் திண்ணைக்கும் ஏற்றது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் மட்டி வாழைக்கும் கன்று இருந்தது. பேச்சிப்பாறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிபிஐ-1 பலாவும் இருந்தது. அதற்கு எங்கள் வீட்டில் இடம் காணாது.

குறை இல்லாமல் இல்லை. செம்பருத்தி வரிசையில் பாதிச் செடிகளில் மாவுப்பூச்சி. இலையைத் திருப்பிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். சொன்னேன், பெரியவர் மகன் "தண்ணி அடிச்சா போயிரும்" என்று சமாளித்தார். அப்பாவிடமிருந்து இன்னும் நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது அவருக்கு. கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்பது யாருக்கும் தெரியவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் பூதப்பாண்டியிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாததால் ஜிபே வேலை செய்யவில்லை, கையில் பணம் வேண்டும். உரக்கலவை மூட்டை ஒன்று நூறு ரூபாய் என்பது அநியாயம். பாதிக்கு மேல் நார்க்கழிவு; அதே காசுக்குச் செம்மண், ஆட்டுப்புழுக்கை, வேப்பம்புண்ணாக்கு வாங்கி வீட்டிலேயே கலந்தால் நாலு தொட்டிக்கு வரும்.

ஒரு அர்கா சந்தனை மறுநாளே வெட்டினோம். பெரும்பயறு போட்டு, தேங்காய் வறுத்துத் தூவி எரிசேரி. இனிப்பு தூக்கலாக இருந்தது. என் நாக்குக்கு இன்னும் ஒரு வத்தல் மிளகாய் போட்டிருக்கலாம். சூர்யமுகியைக் கண், மூக்கு வைத்துக் குடைய வேண்டும் என்று மகன் ஒரே பிடியாக நின்றான். சதையைச் சமையலுக்குத் தந்துவிட்டு ஓட்டை வைத்துக்கொள் என்று அத்தை பேரம் பேசி முடித்தார், விதையும் அவருக்கே.

காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, ஞாயிறும் உண்டு, செவ்வாய் விடுமுறை. காய் எடுத்து வரச் சாக்கு கொண்டு போங்கள். அங்கே கொடுக்கிற பைக்குப் பத்து ரூபாய், கோ-1 ஒன்றைப் போட்டாலே கைப்பிடி அறுந்துவிடும்.