பிரீமியமா, டிஆரா, ஜிடியா: டபிள்யூஆர்எக்ஸ் வாங்கிய ஒருவரின் டயர் கணக்கு

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வாங்குவது என்று முடிவெடுக்க எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அதில் எந்த வேரியன்ட் என்று முடிவெடுக்க மூன்று மாதங்கள் ஆயின. அமெரிக்காவில் 2024 மாடலில் பேஸ், பிரீமியம், லிமிடெட், டிஆர், ஜிடி என ஐந்து வேரியன்ட்டுகள் இருந்தன. ஐந்திலும் அதே 2.4 லிட்டர் டர்போ பாக்ஸர் இன்ஜின், அதே 271 குதிரைத்திறன், அதே நான்கு சக்கர இயக்கம். மேலே ஏற ஏறப் பணம் கூடுகிறதே தவிர, இன்ஜினின் பலம் ஒரு குதிரை கூடக் கூடுவதில்லை. அப்படியானால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது, அது அன்றாட ஓட்டத்துக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதுதான் எனக்குக் கேள்வியாக இருந்தது. மேனுவல் கியர் பிரீமியத்தை வாங்கினேன். ஒன்றரை ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஆகவே இந்த ஒப்பீடு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பயன்பாட்டைச் சொன்னால்தான் கணக்கு புரியும். மிச்சிகனில் வசிக்கிறேன், அலுவலகத்துக்குப் போக 26 மைல், வர 26 மைல், அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை, மீதி சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் நகரச் சாலை. ஆண்டில் ஐந்து மாதங்கள் காலை வேளையில் வெப்பநிலை உறைநிலையைச் சுற்றியே நிற்கும். ரேஸ் டிராக்கில் இந்தக் காரை நான் ஓட்டியதில்லை. ஓட்டும் எண்ணமும் இல்லை.

எல்லா வேரியன்ட்டுகளுக்கும் பொதுவானவற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பின் இருக்கையில் பெரியவர்கள் தாராளமாக உட்காரலாம்; டிக்கி போதுமானது. மேனுவல் கியருக்கு அரசின் எரிபொருள் மதிப்பீடு ஒரு கேலன் பெட்ரோலுக்கு நகரத்தில் 19, நெடுஞ்சாலையில் 26, சராசரியாக 22 மைல் என்பதாகும். என் கையிலும் ஏறக்குறைய அதுவே கிடைக்கிறது. சிக்கனத்தை எதிர்பார்த்து யாரும் இந்தக் காரிடம் வர வேண்டாம். இன்ஜின் ஆயிலை 6,000 மைலுக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

முதலில் ஜிடி. அதில் மேனுவல் கியர் கிடையாது. சிவிடி வகை, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் ஆட்டோமேட்டிக் மட்டுமே உண்டு. ரெக்காரோ இருக்கைகளும், கணினி கட்டுப்படுத்தும் ஷாக் அப்சார்பர்களும், ஓட்டும் முறையை மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் சேர்ந்து வருகின்றன. நான்கு சக்கர இயக்கத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது: மேனுவல் காரில் நடு டிஃபரன்ஷியல் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதியாகப் பிரிக்க, வேகம் வேறுபடும்போது ஒரு விஸ்கஸ் கப்ளிங் (பிசுபிசுப்பான திரவத்தின் வழியே பிடிக்கும் இணைப்பு) அதை இறுக்குகிறது, சிவிடி காரில் இயல்பான பங்கீடு முன்னுக்கு 45, பின்னுக்கு 55 என்று இருந்து, அதன்பின் மின்னணுக் கட்டுப்பாடு நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. தாளில் படிக்கும்போது பெரிதாகத் தெரியும் இந்த வேறுபாட்டைப் பனி படர்ந்த முனையில் திரும்பும்போது ஓட்டுநர் உணர முடியுமா என்றால், என்னால் உணர முடியவில்லை. ஆனால் ஜிடியை நான் ஓட்டியது நாற்பது நிமிடங்கள்தான். கம்ஃபர்ட் நிலையில் சாலையின் சிறு மேடுபள்ளங்கள் உண்மையாகவே மழுங்கித் தெரிந்தன. நெரிசலில் முன்னால் போகும் வாகனத்தைப் பின்தொடர்ந்து தானே நின்று தானே புறப்படுவதும் மேனுவலில் கிடைக்காத சுகம். தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து போகிறவர் என்றால், என் சாய்வை ஒதுக்கிவிட்டு ஜிடியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. எனக்கு இந்தக் காரின் உயிரே கிளட்ச்சில்தான் இருக்கிறது என்பதால் அது அங்கேயே விலகிப்போயிற்று.

மேனுவல் எடுப்பவர்களுக்கு முன்பு இருந்த ஒரு தடை இப்போது இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இந்தத் தலைமுறை 2022-இல் வந்தபோது, ஐசைட் எனப்படும் கேமரா வழிப் பாதுகாப்பு அமைப்பு ஆட்டோமேட்டிக் கார்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. 2024 மாடலிலிருந்து மேனுவலிலும் அது வருகிறது. மேனுவல் வாங்குவதற்கு வீட்டில் இருந்த எதிர்ப்பு அடங்கியதற்கு இதுவே காரணம்.

உண்மையான போட்டி டிஆருக்கும் பிரீமியத்துக்கும்தான். டிஆர் மேனுவல் மட்டுமே. முன் சக்கரத்தில் ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக், சற்று இறுக்கமான ஸ்பிரிங், மாற்றியமைக்கப்பட்ட ஸ்டீயரிங், ரெக்காரோ இருக்கை, 19 அங்குல வீல்கள், அவற்றில் கோடைக்காலத்துக்கான உயர்ரக டயர்கள். எடையைக் குறைக்க சன்ரூஃப் நீக்கப்பட்டிருக்கிறது. நண்பர் ஒருவரிடம் இந்த வேரியன்ட் இருக்கிறது. இரண்டு வார இறுதிகளில் நானே ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பெடலில் கால் வைத்தவுடன் கிடைக்கும் உறுதியும், ஸ்டீயரிங் மையத்திலிருந்து விலகும் அந்த முதல் கணத்தின் தெளிவும் என் காரில் இல்லை. மலைப்பாதையிலோ டிராக்கிலோ தொடர்ந்து பிரேக்கைச் சூடேற்றுகிறவருக்கு இந்தப் பணம் வீண் போகாது. ஆனால் 26 மைல் அலுவலகப் பயணத்தில் என் பிரேக் ஒருநாளும் தளர்ந்ததில்லை. தளரும்படி ஓட்டினால் வேலைக்குப் போய்ச் சேருவதற்கு முன் காவல்துறையிடம் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன்: டயர். விளம்பரங்களிலும் ரிவ்யூக்களிலும் யாரும் நின்று பேசாத இந்த ஒன்றுதான், ஒன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு, டிஆரையும் பிரீமியத்தையும் எனக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

சாதாரண முன்சக்கர இயக்கக் காரில் ஒரு டயர் போனால் ஒன்றையோ இரண்டையோ மாற்றிக்கொண்டு போய்விடலாம். எப்போதும் நான்கு சக்கரங்களையும் இயக்கும் காரில் அது நடக்காது. நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சுபாரு கார்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. கால் அங்குலம் என்றால் ஏறத்தாழ 6.4 மில்லிமீட்டர், சுற்றளவில் இருக்கும் அந்த வேறுபாட்டை ஆரமாக மாற்றினால் வெறும் 1 மில்லிமீட்டர். அதாவது ஒரு டயரின் பட்டன் (சாலையைத் தொடும் வரிகள் கொண்ட ரப்பர்) மற்றதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக இருந்தால் வரம்பு தாண்டிவிடுகிறது. சிறிய டயர் வேகமாகச் சுற்றும். பெரிய டயர் மெதுவாகச் சுற்றும். நேர் சாலையில் போகும்போதும் கார் ஏதோ வளைவில் திரும்பிக்கொண்டிருப்பதாகவே நடு டிஃபரன்ஷியல் நினைத்துக்கொண்டு, விஸ்கஸ் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

இந்தக் கணக்கைப் படித்துத்தான் வைத்திருந்தேன், பட்டபோதுதான் உறைத்தது. 11,000 மைலில் பின் இடது டயரில் ஒரு திருகாணி ஏறியது. நடுவில் ஏறியிருந்தால் உள்ளிருந்து ஒட்டுப் போட்டு முடித்திருக்கலாம். அது ஏறிய இடம் பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் தோள்பட்டை. அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டுவது பாதுகாப்பில்லை. கடைக்காரர் "ஒரு டயர் போதும்" என்றார். நான் பையிலிருந்த, பட்டனின் ஆழத்தை மில்லிமீட்டரில் காட்டும் ஆழமானியை எடுத்து மற்ற மூன்றையும் அளந்தேன்: ஐந்தரை, ஐந்தரை, ஐந்து. புது டயர் எட்டு மில்லிமீட்டர். வேறுபாடு இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். நான்கையும் மாற்ற வேண்டும். அல்லது புது டயரின் பட்டனை இயந்திரத்தில் சீவி, பழைய டயர்களின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிச் சீவித் தரும் விற்பனையாளர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சீவிய டயர் ஒன்றை வரவழைத்துப் பொருத்தினேன். புத்தம்புது டயருக்குக் காசு கொடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கைச் சீவி எறிந்ததைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் நான்கு டயர் வாங்குவதைவிட அது மலிவு.

இப்போது இதே கணக்கை வேரியன்ட்டுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரீமியம், லிமிடெட், ஜிடி மூன்றிலும் 245/40 ஆர்18 அளவு. டிஆரில் 245/35 ஆர்19. பேஸில் 235/45 ஆர்17. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் விட்டம் அங்குலத்தில்; இந்த எண்களிலிருந்து பக்கச்சுவரின் உயரத்தைக் கணக்கிட்டால் 18 அங்குலத்துக்கு 98 மில்லிமீட்டர், 19 அங்குலத்துக்கு 86, 17 அங்குலத்துக்கு 106. டிஆரின் வீல் பெரியதே தவிர டயரின் வெளி விட்டம் ஏறக்குறைய பிரீமியத்தினுடையதே. வீல் வளர்ந்த அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கிறது. ரப்பர் குறைந்த அந்த 12 மில்லிமீட்டர்தான் மிச்சிகன் மார்ச் மாதத்தில் முக்கியமாகிறது. குளிர்காலம் முழுவதும் சாலையின் விரிசலுக்குள் இறங்கிய நீர் உறைந்து விரிந்து, பிறகு உருகி, தார் பெயர்ந்து, காலையில் இல்லாத பள்ளம் மாலையில் இருக்கும். அப்படி ஒன்றில் நண்பரின் டிஆர் இறங்கியபோது முன் வலது டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம் கண்டது. வீலின் விளிம்பும் வளைந்தது. என் காரும் அதே சாலையில்தான் ஓடுகிறது. எனக்கு இதுவரை அப்படி நேரவில்லை. இரண்டே கார்களை வைத்து விதி எழுத முடியாது என்பது தெரியும். ஆனால் ஒரு டயர் வீங்கினால் நான்கின் கதி என்ன என்பது மேலே சொன்ன ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது. 19 அங்குல டயரின் விலை 18 அங்குலத்தைவிட அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்காலம் இந்தக் கணக்கை இன்னொரு மடங்கு ஆக்குகிறது. பிரீமியத்திலும் டிஆரிலும் தொழிற்சாலையிலிருந்து வருபவை கோடை டயர்களே. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். கடுங்குளிரில் அசைத்தால் வெடிப்பு விடவும் கூடும். நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்று நம்பிக் கோடை டயரோடு பனியில் இறங்குபவர்கள், கார் புறப்படும் என்பதை நினைக்கிறார்கள். நிற்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எனவே குளிர் டயர் என்று இரண்டாவதாக ஒரு செட் கட்டாயம். பிரீமியத்தின் பிரேக் அளவு பேஸின் அளவே என்பதால், பேஸில் வரும் 17 அங்குல அளவிலேயே மலிவான வீல்களும் குளிர் டயர்களும் வாங்கி மாட்டிக்கொண்டேன். அந்த 106 மில்லிமீட்டர் பக்கச்சுவர், பள்ளங்கள் தோன்றும் அதே மாதங்களில் எனக்குக் காவலாக நிற்கிறது. டிஆரில் 340 மில்லிமீட்டர் பிரேக் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் அந்தப் பெரிய காலிப்பரும் 17 அங்குல வீலுக்குள் அடங்காது. குளிர்காலத்துக்கும் குறைந்தது 18-க்குப் போக வேண்டும். இரண்டு செட்டுகளும் ஓட்டத்தைப் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றும் கூடுதல் காலம் உழைக்கும் என்பது உண்மை. ஆகவே டயருக்கான செலவு அப்படியே இரட்டிப்பாவதில்லை. கூடுவது வீல்களின் விலையும், காற்றழுத்தம் காட்டும் நான்கு சென்சார்களின் விலையும். சென்சார் வாங்காவிட்டால் ஐந்து மாதங்களும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

டயர்தான் அளவுகோல் என்றால் 17 அங்குலத்தோடு வரும் பேஸையே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இருக்கையைச் சூடாக்கும் வசதி அதில் இல்லை; மிச்சிகன் ஜனவரியில் அது ஆடம்பரப் பட்டியலில் சேராது. 2025 மாடலில் பேஸே நீக்கப்பட்டுவிட்டதால் புதிதாக அந்த ஆண்டு மாடலைத் தேடுகிறவருக்கு அந்தக் கேள்வியும் எழாது. லிமிடெட்டில் பக்கவாட்டு மறைவிட எச்சரிக்கை, அதாவது கண்ணாடியில் தெரியாத பக்கத்து வாகனத்தைக் காட்டும் வசதி உண்டு. நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுகிறவருக்கு அது கூடுதல் பணத்துக்கு உகந்ததே, டயரும் பிரீமியத்தின் அளவே. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் லிமிடெட் வரை போயிருப்பேன். 2025-இல் வந்த டிஎஸ் வேரியன்ட், ஜிடியின் ஷாக் அப்சார்பர்களையும் டிஆரின் பிரேக்கையும் மேனுவல் கியரோடு ஒன்றுசேர்த்தது. மனம் அலைபாயத்தான் செய்தது, ஆனால் அதுவும் 19 அங்குலம்.

மறுவிற்பனையில் டிஆர் முந்தலாம். அது குறைவாகக் கண்ணில் படும் வேரியன்ட், ஆர்வலர்கள் தேடி வாங்குவது. நான் இன்னும் விற்கும் நிலைக்கு வரவில்லை என்பதால் இதை ஊகமாகவே சொல்கிறேன். ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது டிராக்குக்குப் போகிறவருக்கு என் கணக்கு முழுவதும் தலைகீழாக மாறவும் கூடும்.

சென்ற வாரம் ஆயில் மாற்றியபோது முன்பின் டயர்களை இடம் மாற்றச் சொல்லிவிட்டு நான்கையும் மறுபடி அளந்தேன். சீவிப் பொருத்திய டயருக்கும் மற்றவற்றுக்கும் இடையே இப்போது அரை மில்லிமீட்டர்கூட இல்லை.